மூன்றையும் விரும்புகிற பிள்ளைக்கு

சென்ற அத்தியாயத்தில் வணிகவியல் எடுப்பவர்களைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் கொஞ்சம் பேருக்குத்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம், மார்க் ஷீட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு உயிரியலும் புடிக்கும், வரலாறும் புடிக்கும், மனுசங்க ஏன் இப்படி நடந்துக்கிறாங்கன்னு படிக்கிற பாடமும் வேணும்" என்று சொல்கிற பிள்ளைக்கு. தளவாய்புரம், முகவூர், சேத்தூர், செட்டியார்பட்டி என்று ராஜபாளையம் பக்கத்து நம் சுற்றுவட்டாரத்தில் வருசத்துக்கு ஒன்றிரண்டு பேர் இப்படி வருவார்கள். பக்கத்தில் நிற்கும் அப்பா பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு என்னிடம் திரும்பி, "மூணும் ஒரே குரூப்ல இருக்கா சார்?" என்று கேட்பார்.

இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியல் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று பயோ மேத்ஸ்: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். மற்றது பியூர் சயின்ஸ்: இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். வரலாறு ஆர்ட்ஸ் குரூப்பில் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் அது பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியலோடு சேர்ந்து வரும். சில இடங்களில் புவியியல், அரசியல் அறிவியலோடு வரும். உளவியல் நம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளின் வழக்கமான குரூப் எதிலும் கிடையாது. சி.பி.எஸ்.இ.யில் அது ஒரு விருப்பப் பாடம். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் உண்டு. அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா மகள் இந்த மூன்றையுமே ‘ஏ.பி.’ என்ற பெயரில் பள்ளியிலேயே எடுத்துப் படிக்கிறாள் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். அங்கே பாடத்தைத் தனித்தனியாக எடுக்கலாம். இங்கே நாம் குரூப்பாகத்தான் எடுக்க முடியும். ஆக, ஒன்றைப் பள்ளியில் படித்து மற்ற இரண்டை வெளியே சேர்த்துக்கொள்ள வேண்டும். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே வைப்பது என்பதுதான் கேள்வி.

என் கணக்கு இது. பின்னால் கதவு சாத்திவிடும் பாடத்தைப் பள்ளியில் எடுங்கள். பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர் பிறகு மருத்துவம், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. விலங்கியல் பக்கம் போவது கடினம். பி.ஏ. வரலாற்றில் எந்தக் குரூப்பிலிருந்தும் சேரலாம். பி.எஸ்சி. உளவியலுக்கும் பெரும்பாலான கல்லூரிகள் குரூப் பார்ப்பதில்லை; சில கல்லூரிகளில் நிபந்தனை உண்டு, விளக்கக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். அப்படியென்றால் மூன்றும் பிடித்தவர் சயின்ஸ் குரூப் எடுப்பதே புத்தியா? பாதி உண்மை. உயிரியல் பிடிக்கும் என்று சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தே வரும். அந்த இரண்டும் கசந்தால், பிடித்த உயிரியலுக்கும் நேரம் மிஞ்சாது. தவளைப் படத்தை அழகாக வரைந்துவிட்டு இயற்பியல் கணக்கைப் பார்த்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்சாரமும் ஒளியியலும் உங்களை எவ்வளவு படுத்தின என்று நினைத்துப் பாருங்கள். மிகவும் படுத்தியிருந்தால் தயங்காமல் ஆர்ட்ஸ் குரூப் எடுங்கள். "ஆர்ட்ஸ்ல போட்டா பயலுக்கு என்ன சார் கெடைக்கும்?" என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உயிரியல். இது கையால் படிக்கிற பாடம். பிளஸ் ஒன் தாவரவியலில் ஃபேபேசி குடும்பத்துக்குச் சங்குப்பூவை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். நம் வேலிகளில் அது நீலமாகப் படர்ந்து கிடக்கிறது. ஒரு பூவைப் பறித்து வந்து பழைய பிளேடால் மெதுவாகப் பிரியுங்கள். பெரிதாக விரிந்து நிற்பது ஒரே ஒரு கொடி இதழ். அதற்கு உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகு இதழ்கள். அடியில் ஒட்டிக்கொண்டு படகு போல இரண்டு. மொத்தம் ஐந்து. படகைத் திறந்தால் மகரந்தத் தாள்கள். ஊசி முனையால் எண்ணினால் பத்து வரும். அதில் ஒன்பது ஒரே கற்றையாகச் சேர்ந்திருக்கும், ஒன்று மட்டும் தனியாக நிற்கும். ‘இருகற்றை மகரந்தத் தாள்கள்’ என்ற சொல்லை இதற்கப்புறம் யாரும் உங்களுக்கு மனப்பாடம் பண்ணி வைக்க வேண்டாம். அடுத்த வேலியில் அவரையோ கொளுஞ்சியோ இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். இதே அமைப்புதான். குடும்பம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

விலங்கியலில் இதற்கு ஈடு படம் வரைவது. நெஃப்ரானை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தைப் பார்த்து ஒருமுறை வரையுங்கள். மூடிவிட்டு மறுமுறை வரையுங்கள். பௌமானின் கிண்ணம், அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், சேகரிக்கும் நாளம் என்று எங்கே நின்றுபோகிறதோ அங்கேதான் உங்களுக்குப் பாடம் தெரியவில்லை. அதை மட்டும் படித்துவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி வரையுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண் நைட்டி மடித்து வைக்கும் அட்டைகளின் பின்பக்கத்தில்தான் எல்லாப் படமும் வரைவாள். வீட்டில் நைட்டி தைப்பதால் அந்த அட்டைக்குப் பஞ்சமில்லை. கணுக்கால் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் தொடவில்லை, அட்டைகளைத்தான் புரட்டினாள்.

வினாத்தாள் கணக்கையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பயோ மேத்ஸில் எழுத்துத் தேர்வு 70: தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ஒவ்வொரு 35-லும் ஒரு மார்க் கேள்வி எட்டு, இரண்டு மார்க் நான்கு, மூன்று மார்க் மூன்று, ஐந்து மார்க் இரண்டு. ஐந்து மார்க்கை மட்டும் உருட்டிப் படித்தால் பத்தில்தான் நிற்பீர்கள். மிச்சம் 25 சின்னக் கேள்விகளில் கிடக்கிறது. கலைச்சொல்லை எழுதும்போது பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழகுங்கள். நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் கல்லூரிக்குப் போன முதல் நாளே அந்த ஆங்கிலச் சொல்தான் காதில் விழும்.

2017-18 முதல் நடந்துவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. இது நிம்மதிதான், ஆனால் ஆபத்தும் கூட. நெஃப்ரான், நரம்பு மண்டலம், செல், ஒளிச்சேர்க்கை எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. நீட் இரண்டு வருசப் பாடத்தையும் கேட்கும்.

சுற்றுச்சூழல் பாடங்களுக்கு நம்மைப் போல அதிர்ஷ்டக்காரர்கள் குறைவு. மேற்கே பார்த்தால் மலை. திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் அறிவிக்கப்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது, இந்தியாவில் 51-வது. அந்த அணில் மரத்தை விட்டுத் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவித்தான் போகும், உயரத்தில் இலைகளால் கூடு கட்டும். எனவே காடு எத்தனை ஏக்கர் என்பதோடு, மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதும் அதற்கு உயிர்ப் பிரச்சினை. ‘வாழிடத் துண்டாடல்’ என்ற தலைப்பில் இரண்டு வரி எழுத வேண்டியிருந்தால் இந்த அணிலை எழுதுங்கள். விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர் நூறு தாளில் ஒரே வரியைப் படித்துச் சலித்துப்போயிருப்பார். அந்த அணிலைப் பார்க்கச் செண்பகத்தோப்புப் பக்கம் போவதானால் வனத்துறை அனுமதிக்கும் இடம் வரை, பெரியவர்களோடு போங்கள்.

வரலாற்றுக்கு வருவோம். இதை மனப்பாடப் பாடம் என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் படித்தேன். பரீட்சை ஹாலில் நான்காவது பாயிண்ட் மறந்துபோனது. அது இல்லாமல் ஐந்தாவது வரவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் ஒரு வழி பிடிபட்டது. பாயிண்டுகளாக அடுக்காமல் காரணங்களைச் சங்கிலியாகக் கோப்பது. நம் வாசல் கதையையே பார்க்கலாம். பாளையக்காரர் பாடம் பத்தாம் வகுப்பில் வந்தது, பிளஸ் ஒன்னிலும் வருகிறது. 1755-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரான் ஏன் தெற்கே படையோடு வந்தார்? வரி வசூலிக்க. வரி ஆற்காட்டு நவாபுக்குத்தானே, கம்பெனிப் படை ஏன் வந்தது? நவாப் கம்பெனிக்குக் கடன்பட்டிருந்தார். ஏன் கடன்? ஆற்காட்டு அரியணைக்கு நடந்த சண்டையில் ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கமும் நின்றார்கள்; அந்தச் செலவு. ஆக, எங்கோ ஆற்காட்டில் நடந்த வாரிசுச் சண்டை நெற்கட்டும்செவல் வாசலுக்கு வந்து நிற்கிறது. அங்கிருந்த பாளையக்காரர் புலித்தேவர் வரி கட்ட மறுக்கிறார். 1761 மே 16-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் கம்பெனிக்காகப் போரிட்ட யூசுப் கானிடம் விழுகின்றன. அதே யூசுப் கான் பிறகு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நிற்க, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்படுகிறார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தாலும் மற்றவை கூடவே வரும். நான்காவது பாயிண்ட் மறக்க வழியே இல்லை.

இன்னொன்று, வரைபடம். சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி எல்லாம் பாளையங்களாக இருந்த ஊர்கள். டவுன் பஸ் போர்டில் தினம் பார்க்கிற பெயர்கள். ஒரு முழுத்தாளில் மலையைக் கோடாக இழுத்து, இந்த ஊர்களைப் புள்ளிகளாக வைத்து, படை வந்த திசையை அம்புக்குறியால் போட்டுப் பாருங்கள். மலையடிவாரக் கோட்டைகள் ஏன் பிடிக்கக் கடினமாக இருந்தன என்று புத்தகம் சொல்லாமலே தெரியும்.

விடை எழுதுவதில் கடிகாரம் முக்கியம். வரலாற்றுத் தேர்வு 90 மார்க், மூன்று மணி நேரம். ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மார்க் விடைக்குப் பத்து நிமிடம். அப்படி ஏழு விடை எழுத வேண்டும், 35 மார்க். பிடித்த கேள்விக்கு இரண்டரைப் பக்கம் எழுதிவிட்டு ஏழாவதைத் தொடாமல் வருகிற பிள்ளைகள்தான் அதிகம். ஐந்து மார்க் விடைக்குள் மூன்று காரணம், இரண்டு விளைவு, ஒரு தேதி, ஓர் இடம் இருந்தால் போதும்.

புத்தகத்துக்கு வெளியே ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் வெம்பக்கோட்டை போய் வாருங்கள். நம் மாவட்டம்தான். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொருள் என்று கிடைத்தன. குழியின் பக்கச் சுவரில் மண்ணின் நிறம் அடுக்கடுக்காக மாறுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு, ‘கீழ் அடுக்கு பழையது’ என்ற விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி உளவியல். பள்ளியில் இல்லாததால் இது உங்கள் தனிப்பாடம். தமிழில் புத்தகம் வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போவதற்கு முன்பு தெருவில் விசாரியுங்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் 30 மார்க் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். அதற்குப் படித்த அக்காவோ மதினியோ எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவர் வீட்டுப் பரணில் ‘கல்வி உளவியல்’ புத்தகம் ஒன்று தூசியோடு கிடக்கும். பியாஜே, பாவ்லோவ், நினைவு, மறதி எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலம் ஓரளவு வருமென்றால் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு உளவியல் புத்தகத்தை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் ஒரே பாடத்துக்கு மட்டும் சேரும் வசதியும் இருக்கிறது. ஆனால் பிளஸ் டூ படித்துக்கொண்டே இன்னொரு தேர்வைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பேன்.

பள்ளிப் பாடத்திலேயே உளவியலுக்கு ஒரு வாசல் உண்டு: பிளஸ் ஒன் விலங்கியலின் நரம்புக் கட்டுப்பாடு. ஹிப்போகாம்பஸ் என்ற பெயரை அங்கே படிப்பீர்கள். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளை அறுவை செய்தபோது, இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு சந்தித்த யாரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பழைய நினைவுகள் பெரும்பாலும் இருந்தன, புதிது எதுவும் சேரவில்லை. 2008-ல் இறக்கும்வரை அப்படித்தான். நினைவுக்கு உடம்பில் ஓர் இடம் உண்டு என்பதை உலகம் அவரிடமிருந்து கற்றது.

உளவியலைப் படிக்கச் சிறந்த ஆய்வுக்கூடம் உங்கள் சொந்தப் படிப்புதான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். முதல் நாளில்தான் அதிகம் போகிறது, பிறகு மெதுவாக. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களைக் கொண்டு இன்னொன்றைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நெஃப்ரான் அட்டை ஏன் வேலை செய்தது என்று இப்போது தெரிகிறதா? நீங்களும் செய்யுங்கள். இருபது தாவரப் பெயர்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு பத்தை நான்கு முறை வாசியுங்கள். மறு பத்தை ஒருமுறை வாசித்து மூன்று முறை எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் எண்ணிப் பாருங்கள்.

இந்த ஊரில் படிப்பவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், தீபாவளி ஆர்டர் நேரத்தில் ராத்திரி வரைக்கும். "இந்தச் சத்தத்துல எப்படி சார் படிக்க?" என்பார்கள். மனதில் நிறுத்த வேண்டிய வரிசையைக் கெடுப்பதில் ஒரே சீரான இரைச்சலைவிட மனிதப் பேச்சுதான் மோசம் என்று உளவியல் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஓவர்லாக் மிஷின் பாட்டுக்கு ஓடட்டும், அதை மனம் தள்ளிவிடும். நிறுத்த வேண்டியது அடுத்த அறை டிவி சீரியலை. படம் வரைவது, வரைபடம் போடுவது மாதிரியான கைவேலையை மிஷின் நேரத்துக்கு வையுங்கள். பெயர், வருசம் படிப்பதை மிஷின் தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் முடியுங்கள்.

மூன்று பாடமும் சந்திக்கிற ஒரு சின்ன வேலை சொல்கிறேன். தளவாய் என்றால் நாயக்கர் ஆட்சியில் படைத்தலைவர். தளவாய்புரம் என்ற நம் ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெருவில் ஐந்து பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஐந்து பேரிடம் மறுபடி கேளுங்கள். கதை எங்கே நீள்கிறது, எங்கே தங்கள் குடும்பம் உள்ளே நுழைகிறது என்று பாருங்கள். பார்ட்லெட் என்பவர் கேம்பிரிட்ஜில் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். செவ்விந்தியக் கதை ஒன்றை ஆங்கிலேய மாணவர்களுக்குக் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். அவர்கள் அறியாமலே கதையைத் தங்கள் ஊர்க் கதையாக மாற்றினார்கள். 1932-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். வாய்மொழிச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்பது வரலாற்றுக் கேள்வி. நினைவு ஏன் மாறுகிறது என்பது உளவியல். அது எங்கே தங்குகிறது என்பது உயிரியல்.

ஓர் எச்சரிக்கை. உளவியல் படிக்கத் தொடங்கியதும் புத்தகத்தில் உள்ள எல்லாக் கோளாறும் தனக்கோ தம்பிக்கோ இருப்பதாகத் தோன்றும். பெயர் சூட்டாதீர்கள். உண்மையிலேயே தூக்கமில்லை, மனம் தாங்கவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற கட்டணமில்லா எண், தமிழிலும் பேசலாம்.

பின்னால் போகிற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டில் 720-க்கு 360 உயிரியல். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. நம் பக்கம் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. ‘அரசு சம்பளம்தானே, அரசுப் பள்ளிதானே’ என்று நினைத்துப் பிறகு ஏமாந்த குடும்பங்கள் உண்டு. கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். வரலாறு எடுத்த பயலுக்கு என்ன கிடைக்கும் என்ற அப்பாவுக்கு: டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதுகிற அத்தனை பேரும், பொறியியல் படித்தவர்கள் உட்பட, கடைசியில் இந்த வரலாற்றுப் புத்தகத்தைத்தான் வாங்கிப் படிக்கிறார்கள். உங்கள் பையன் முன்கூட்டியே படித்துவிடுகிறான். முதுகலை முடித்தால் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருடப் பட்டயப் படிப்பும் இருக்கிறது.

உளவியலில்தான் கவனம் தேவை. தபால்வழியில் உளவியல் பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய அதற்கென்று உள்ள மேற்படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற வேண்டும். இது நீண்ட ஓட்டம், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் குரூப் கட்டத்தை நிரப்புவதற்கு முன் பள்ளி அலுவலகத்தில் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். விலங்கியலுக்கும் வரலாற்றுக்கும் முதுகலை ஆசிரியர் இப்போது இருக்கிறாரா, பணியிடம் காலியா? செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை, மைக்ரோஸ்கோப் எத்தனை பேருக்கு ஒன்று? வரலாற்றுக் குரூப்பில் பிள்ளைகள் குறைவாகச் சேர்ந்தால் நடத்துவார்களா, வேறு குரூப்புக்கு மாற்றிவிடுவார்களா? ராஜபாளையத்துப் பள்ளியானால், ஸ்பெஷல் கிளாஸ் விட்டதும் தளவாய்புரத்துக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு?